மருந்து: அடைப்புக்குறிக்குள் இருக்கும் யாகோபு

1

எங்கள் பக்கத்தில் மருந்து என்கிற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். உடம்புக்குத் தின்பது ஒன்று. பட்டாசுக்குள் போவது இன்னொன்று. சாத்தூர் டீக்கடையில் ஒருவர் 'இன்னைக்கு மருந்துக்கு ஆள் வரல' என்றால் அது ஆஸ்பத்திரிப் பேச்சு இல்லை. மருந்து கலக்கிற அறைக்குள் போகிற ஆள் வரவில்லை என்று பொருள். சித்தர் பெயரில் வழங்கும் நூல்களிலும் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய சுவர் கிடையாது. நீரடைப்புக்குக் கொடுக்கிற வெடியுப்பும் கருமருந்துக்குள் போகிற வெடியுப்பும் ஒரே உப்புதான்.

சுமார் பத்து வருடத்துக்கு முன் விருதுநகரில் மதநல்லிணக்கத்துக்காக நடந்த சின்னக் கூட்டம் ஒன்றில் பேசினேன். 'நைட்ரிக் அமிலத்தைக் கண்டுபிடித்தவர் ஜாபிர் இப்னு ஹய்யான் என்கிற முஸ்லிம். அவர் இல்லாவிட்டால் இன்று சிவகாசி இல்லை' என்று முழங்கினேன். நன்றாகக் கை தட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, 'தம்பி, அதெல்லாம் போகர் எப்பவோ எழுதிட்டாரு' என்றார். அவரோடு மல்லுக்கு நின்றேன். இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்துகொண்டிருந்தோம் என்பது பிடிபட நாளாயிற்று. பட்டாசு ஆலையில் வேலை பார்க்கிற என் மதினியும் கூட்டத்துக்கு வந்திருந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கையில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: 'அந்த ஜாபிரு கையெல்லாம் நல்லா இருந்துச்சா?'

அப்போது சிரித்தேன். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான கடன்.

2

'முஸ்லிம்களின் அறிவியல் பங்களிப்பு' என்று ஒரு எழுத்து வகை நம்மிடம் இருக்கிறது. இயற்கணிதத்துக்கு அல்-குவாரிஸ்மி, ஒளியியலுக்கு இப்னுல் ஹைதம், மருத்துவத்துக்கு இப்னு சீனா, வேதியியலுக்கு ஜாபிர். பட்டியல் மாறுவதே இல்லை. இந்த வகை ஏன் எழுதப்படுகிறது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஒரு மக்கள் கூட்டத்தைப் பார்த்து 'நீங்க இந்த நாட்டுக்கு என்ன செஞ்சீங்க?' என்று கேட்கிற குரல் ஓங்கும்போதெல்லாம் பதிலாக இந்தப் பட்டியல் நீட்டப்படுகிறது. நானும் அதற்காகத்தான் நீட்டினேன்.

ஆனால் பங்களிப்பு என்கிற சொல்லைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். பங்கு அளிப்பது என்றால் யாருக்கு? வீடு வேறு யாருடையதோ. நாம் வாடகை கட்டிய ரசீதைக் காட்டுகிறோம் என்பதுதான் அதன் உள்ளர்த்தம். உலக அரங்கில் அந்த வீட்டுக்காரர் ஐரோப்பிய வேதியியல். உள்ளூரில் வீட்டுக்காரர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி கேட்கிறவனின் அதிகாரத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தப் பட்டியலை எழுதவே முடியும். பட்டியல் எத்தனை நீளமானாலும் அவன் கேட்பதை நிறுத்தப் போவதில்லை.

இன்னொரு கோளாறு, பட்டியலில் உள்ள சரக்கே பல நேரம் சரியில்லை என்பது. ஜாபிரையே எடுத்துக்கொள்வோம். எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர், கூஃபாவோடு தொடர்புடையவர், ஷியா இமாம் ஜஅஃபர் அஸ்-ஸாதிக்கின் மாணவர் என்பது மரபு சொல்வது. அவர் பெயரில் அறியப்படும் தலைப்புகள் ஏறத்தாழ 3000. பல மிகச் சிறியவை. இருந்தாலும் ஒரு மனிதன் எழுதக்கூடிய அளவா இது? சந்தேகம் நமக்கு இன்றைக்கு வந்தது இல்லை. பாக்தாத்தில் புத்தகம் பிரதி எடுத்து விற்று வாழ்ந்த அந்-நதீம் 987-ஆம் ஆண்டளவில் தொகுத்த 'ஃபிஹ்ரிஸ்த்' என்கிற நூற்பட்டியலிலேயே, ஜாபிர் என்று ஒருவர் இருந்ததே இல்லை என்று சில அறிஞர்களும் புத்தகக்காரர்களும் சொல்வதாகக் குறிப்பு இருக்கிறது. அந்-நதீம் அதை மறுக்கிறார். அவருடைய வாதம் ருசியானது: உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு, கை நோக ஆயிரக்கணக்கான பக்கம் எழுதிவிட்டு, எவனாவது அதை இன்னொருவன் பெயரில் போடுவானா? எழுத்து என்பது உடல் உழைப்பு என்று தெரிந்த பிரதிக்காரனின் வாதம் இது.

1893-இல் பிரெஞ்சு வேதியியலர் மார்செலின் பெர்த்தலோ, ஜாபிர் பெயரிலான அரபு நூல்கள் சிலவற்றை வெளியிட்டு, 'கேபர்' என்ற பெயரில் ஐரோப்பாவில் உலவிய லத்தீன் நூல்கள் அவற்றின் மொழிபெயர்ப்பு அல்ல என்று காட்டினார். இந்த பெர்த்தலோ சாதாரண ஆள் இல்லை. 1870-இல் பாரிஸ் முற்றுகையிடப்பட்டபோது நகரப் பாதுகாப்புக்கான அறிவியல் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். வெடிபொருட்களின் விசையை ஆராய்ந்தவர். ரசவாதத்தின் வரலாற்றை எழுதியவரும் வெடிமருந்துக்காரர்தான். அடுத்து 1942, 43-இல் கெய்ரோவில் பால் கிராவுஸ் இரண்டு தொகுதிகள் கொண்டுவந்தார். ஹிட்லருக்குத் தப்பி ஓடிவந்த பிராக் நகரத்து யூதர் அவர். ஜாபிர் நூல்கள் ஒரு மனிதனுடையவை அல்ல, ஒன்பதாம் பத்தாம் நூற்றாண்டுகளில் இஸ்மாயிலிச் சார்புள்ள ஒரு குழாம் எழுதியவை என்பது அவருடைய முடிவு. அதன் மீது இன்றும் சண்டை ஓயவில்லை. 1991-இல் வில்லியம் நியூமன், கேபர் பெயரிலான மிகப் புகழ்பெற்ற லத்தீன் நூலை எழுதியவர் தாரந்தோ ஊர் பால் என்கிற பிரான்சிஸ்கன் துறவியாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். நான் மேடையில் முழங்கிய நைட்ரிக் அமிலச் செய்முறை வருவதும் கேபர் பெயரில் லத்தீனில் 1300-க்குப் பிறகு வந்த வேறொரு நூலில்தான். கை தட்டு வாங்கியது ஒரு கிறிஸ்தவத் திருட்டெழுத்துக்கு என்று ஆயிற்று.

அப்படியானால் ஜாபிரிடம் ஒன்றும் இல்லையா? இருக்கிறது. மேடைக்கு உதவாத மாதிரி இருக்கிறது. மயிர், ரத்தம் போன்ற உயிர்ப்பொருட்களைச் சூடேற்றி நவச்சாரம் எடுக்கிற விவரம் நமக்குத் தெரிந்தவரை முதலில் வருவது இந்த நூல்களில். உயிருள்ளதிலிருந்து உயிரற்ற உப்பை வரவழைக்கிற காரியம் சின்ன விஷயம் இல்லை. அடுத்து, பொருட்களை அவை பிரிக்கிற விதம்: நெருப்பில் ஆவியாகிற கந்தகம், பாதரசம், கற்பூரம், நவச்சாரம் முதலானவை ஒரு வகை; சுத்தியலால் அடித்தால் விரிகிற உலோகங்கள் ஒரு வகை; அடித்தால் பொடியாகிறவை ஒரு வகை. பொருளின் சாரம் என்ன என்கிற தத்துவக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, அடுப்பும் சுத்தியலும் என்ன சொல்கின்றன என்று கேட்கிற வகைப்பாடு. பட்டறையில் நின்ற ஆட்களின் பகுப்பு இது என்று படிக்கும்போதே தெரிகிறது.

ஆக, ஜாபிர் என்கிற ஒற்றை மேதையை எடுத்துவிட்டால் பள்ளம் விழுவதில்லை. ஒரு கூட்டம் தெரிகிறது. கிரேக்கத்தை அரபிக்குக் கொண்டுவந்த சிரியாக் கிறிஸ்தவர்கள், பாரசீகர்கள், பல வண்ண முஸ்லிம்கள், பெயர் தெரியாத கொல்லர்கள். 'இதைச் சொன்னால் எதிரிக்குத் தோதாகப் போகாதா?' என்று ஒரு தோழர் கேட்டார். போகாது என்றே நினைக்கிறேன். பொய்யான ஒரு வீரனைக் காப்பாற்றுவதைவிட உண்மையான ஒரு கூட்டத்தைக் காட்டுவதுதான் தூய ரத்தம் பேசுகிறவனுக்கு அதிகம் வலிக்கும்.

3

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம்மிடமே ஒரு முஸ்லிம் ரசவாதி இருக்கிறார். ஆனால் அடைப்புக்குறிக்குள் இருக்கிறார்.

சித்தர் பட்டியல்களில் 'இராமதேவர் (யாகோபு)' என்று பார்த்திருப்பீர்கள். இராமதேவர் மக்காவுக்குப் போனார், இஸ்லாத்தைத் தழுவி யாகோபு ஆனார், பிறகு திரும்பி வந்து அழகர்மலையில் அடங்கினார் என்பது கதை. அங்கே அவர் அரபிகளுக்கு மருத்துவம் கற்பித்தார் என்பார்கள் சிலர். கற்றுக்கொண்டு வந்தார் என்பார்கள் வேறு சிலர். யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்து வினைச்சொல் மாறுகிறது. யாகோபு பெயரில் வைத்திய சிந்தாமணி 700, சுண்ணம் 300 என்று நூல்கள் வழங்குகின்றன. மொழியைப் பார்த்தால் மிகப் பழையவை என்று சொல்ல முடியாது. இந்த நூல்களில் பல பிற்காலத்தவை என்று கமில் சுவலபில் முதலானோர் எழுதியிருக்கிறார்கள். போகர் 7000-த்தில் நீராவிக் கப்பல் மாதிரியான ஒன்று வருவதை வைத்துக்கொண்டு போகர் அதை முன்கூட்டியே கண்டார் என்பவர்கள், எழுதினவன் கப்பலைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினான் என்கிற எளிய சாத்தியத்தை மட்டும் யோசிப்பதில்லை.

இங்கே அந்-நதீமின் வாதத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். கை நோக எழுதிவிட்டு இன்னொருவன் பெயரில் போடுவானா என்று அவர் கேட்டார். தமிழ்ச் சித்தர் மரபு 'போடுவான்' என்று பதில் சொல்கிறது. அகத்தியர், போகர், யாகோபு என்பவை நமக்கு ஆசிரியர் பெயர்கள் என்பதைவிட, பெயரில்லாத வைத்தியர்களும் புடம் போடுகிறவர்களும் தங்கள் அனுபவத்தை ஒப்படைத்த முகவரிகள். அப்படியானால் கேள்வி இப்படி ஆகிறது: இந்துப் பெயர்கள் இத்தனை கைவசம் இருக்கையில், தமிழ் பேசுகிற ஒருவனோ பலரோ தங்கள் செய்முறையை யாகோபு என்கிற பெயரில் போட வேண்டும் என்று ஏன் நினைத்தார்கள்? அந்தப் பெயருக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கிறது. சுண்ணம் என்றால் யாகோபு சொன்னால் நம்பலாம் என்று ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு ஊரில் ஆட்கள் நம்பியிருக்கிறார்கள். யாகோபு நிஜமாகவே மக்கா போனாரா என்பதைவிட எனக்கு இதுதான் வலுவான வரலாற்றுச் சான்றாகப் படுகிறது.

சொற்களும் சாட்சி சொல்கின்றன. நவச்சாரம் நம் சொல் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அரபியில் அது நூஷாதிர், பாரசீகத்திலிருந்து போனது. வடமொழியில் நவசாதர, நவசார என்று ஆகி, தமிழில் நவச்சாரம் ஆயிற்று. 'புதுச் சாரம்' என்று நாம் அர்த்தம் சொல்லிக்கொள்வது பிறகு ஏற்றியது. வாசலில் உட்கார்ந்து பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் பழுக்கக் காய்ந்த பாத்திரத்தில் ஒரு சிட்டிகை தூவ, வெள்ளைப் புகை குப்பென்று எழும்புமே, அந்தப் புகைக்குள் ஈரான், அரேபியா, குஜராத், தமிழ்நாடு எல்லாம் இருக்கிறது. ரசமும் கந்தகமும் சேர்ந்துதான் உலோகங்கள் பிறக்கின்றன என்பது ஜாபிர் நூல்களின் கொள்கை. இங்கே ரசம் சிவன், கந்தகம் சக்தி. யார் யாரிடமிருந்து எடுத்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

ஆனால் நமது பதிப்புச் சூழல் என்ன செய்திருக்கிறது? பிரபுல்ல சந்திர ராய் 1902-இல் தன் பெரிய நூலின் முதல் தொகுதிக்கு 'இந்து வேதியியலின் வரலாறு' என்று பெயர் வைத்தார். அதை எழுதத் தூண்டியவர்களில் அதே பெர்த்தலோவும் ஒருவர். காலனியாட்சியின் கீழ் ஒரு தேசபக்தர் வைத்த பெயர், அதை விளங்கிக்கொள்ள முடிகிறது. அரபுத் தொடர்புகளை ராய் மறைக்கவும் இல்லை. அதற்குப் பின்னால் வந்தவர்கள் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளடக்கத்தை விட்டுவிட்டார்கள். தமிழில் இன்னும் மோசம். பதினெண்சித்தர் படம் போட்ட காலண்டரில் யாகோபுக்கும் ஜடாமுடி, விபூதி, உருத்திராட்சம். சில பட்டியல்களில் அடைப்புக்குறியும் போய்விட்டது. இராமதேவர் மட்டும் நிற்கிறார். ஒரு முஸ்லிமை முதலில் அடைப்புக்குறிக்குள் வைப்பது, பிறகு அடைப்புக்குறியை நீக்குவது: இது அச்சுக்கூடத்தில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

4

மதினியின் கேள்விக்கு வருகிறேன். கை.

சிவகாசியின் நிஜ மூதாதையைத் தேடினால் ஜாபிரைவிட ஹசன் அர்-ரம்மாஹ் நெருக்கமானவர். சிரியாக்காரர்; 1295-இல் இறந்தார். போர்க்கலை பற்றிய அவருடைய நூலில் வெடிமருந்துக் கலவைகள் நூற்றுக்கும் மேலே இருக்கின்றன. வாணங்களும் உண்டு. இதெல்லாம் என் மூளையில் உதித்தது என்று அவர் சொல்லவில்லை; தகப்பனும் முன்னோரும் இந்தத் தொழிலின் ஆசான்களும் சொன்னது என்கிறார். பல சரக்குகளுக்குச் சீனப் பெயர் ஒட்டியிருக்கிறது. அவருக்கு முன்னால், 1248-இல் இறந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைதார் வெடியுப்பைச் 'சீனத்துப் பனி' என்று குறிக்கிறார். மேற்கே அதற்கு 'பாரூத்' என்று பெயர் என்கிறார். இந்தியில் வெடிமருந்துக்கு இன்றும் அதுதான் பெயர். வாங்கியதை வாங்கியது என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள் அந்த மத்தியகால ஆட்கள். முதல் ஆள் நான்தான் என்கிற வெறி நம் காலத்துச் சரக்கு.

ரம்மாஹ் சொல்கிற முக்கியமான காரியம் வெடியுப்பைச் சுத்தம் செய்வது. மண்ணிலிருந்து வருகிற உப்பில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கலந்திருக்கும். அவை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். மருந்து நமத்துப் போகும். உப்பைக் கரைத்துக் காய்ச்சி, அதில் மரச்சாம்பலைச் சேர்த்தால், சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் அந்த வேண்டாத உப்புகளை அடியில் வண்டலாகத் தள்ளிவிடும். தெளிவை இறுத்து ஆறவிட்டால் நல்ல படிகம் விழும். அடுப்புச் சாம்பலை வைத்துச் செய்கிற இந்த வேலை இல்லாமல் நம்பகமான கருமருந்து கிடையாது.

தமிழ்நாட்டில் மண்ணைக் கரைத்து உப்பும் வெடியுப்பும் காய்ச்சியவர்கள் உப்பிலியர். ஒரு சாதியின் பெயரே அதிலிருந்து வந்தது. வெள்ளைக்காரன் உப்பை ஏகபோகமாக்கியபோது மண்ணுப்பு எடுப்பது குற்றமாயிற்று. அவர்கள் மண்வெட்டப் போனார்கள். வேதியியல் வரலாறு எழுதுகிற யாரும் உப்பிலியரைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வதில்லை. எந்தச் சித்தர் பெயரும் அவர்களிடமிருந்து வரவில்லை. ஆனால் சித்தர் பாட்டில் வெடியுப்பைக் கரைத்து வடிகட்டு என்று வருகிறபோது அந்தக் கரைசலைக் கிண்டியது யார் கை?

சிவகாசிக்கும் ஒரு தோற்றக் கதை உண்டு. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள் என்பது அது. உண்மைதான், வானம் பார்த்த கரிசலில் அது பலருக்குக் கஞ்சி ஊற்றிய பயணம். ஆனால் கல்கத்தாவில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த தொழிலாளியின் பெயரும், ஊர் திரும்பியபின் முதல் குச்சியை மருந்தில் முக்கியவரின் பெயரும் கதையில் இல்லை. ஜாபிர் கதையும் போகர் கதையும் இதே அச்சில் வார்த்தவை.

ரகசியம் பற்றியும் பேச வேண்டும். ஜாபிர் நூல்களில் அறிவைச் சிதறவிடுவது என்று ஓர் உத்தி உண்டு. ஒரு செய்முறையைத் துண்டு துண்டாக்கிப் பல நூல்களில் ஒளித்துவைப்பது. சித்தர்களிடம் பரிபாஷை. தகுதி இல்லாதவன் கையில் போய்விடக் கூடாது என்பது இரண்டுக்கும் சமாதானம். இதை மறைஞான அழகியலாகக் கொண்டாடி நம் நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள், நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் ரகசியத்தின் செலவை யார் கட்டுகிறார்கள்? மதினியிடம் கலவையில் என்னென்ன போகும் என்று கேட்டேன். 'எங்களுக்கென்ன தெரியும்? வெள்ளைப் பொடி, சாம்பப் பொடி, மஞ்சப் பொடி' என்றார். பேரியம் நைட்ரேட், அலுமினியம், கந்தகம் என்று நானாக ஊகித்துக்கொண்டேன். பச்சை நிறம் கொடுக்கிற பேரியத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை போட்டது. 2021-இல் மறுபடி கண்டித்தது. தடை செய்யப்பட்ட பொருளுக்குப் பெயர் தெரியாதவரிடம் தடையைப் பற்றி என்ன பேசுவது? பரிபாஷை முடியவில்லை, இடம் மாறியிருக்கிறது.

ஆனால் பெயர் தெரியாது என்பதால் அறிவு இல்லை என்று ஆகாது. 'மிச்ச மருந்த ராத்திரி வைக்கக் கூடாது, தானா சூடேறும்' என்பது அவருக்குத் தெரியும். ஈரம் பட்டால் அலுமினியப் பொடி வினைபுரிந்து வெப்பம் விடுகிறது. நைட்ரேட் கலவையில் அது ஏறிக்கொண்டே போய்த் தீப்பிடிக்கலாம். பாடப்புத்தகம் சொல்வதை அவர் உள்ளங்கை சொல்கிறது. கந்தகத்தோடு குளோரேட்டைச் சேர்த்தால் உரசினாலே வெடிக்கும் என்பதும் அப்படி வந்த அறிவுதான். 1788-இல் பாரிஸுக்கு அருகே எஸ்ஸோனில் குளோரேட்டை வைத்து வெடிமருந்து செய்து பார்த்தபோது இருவர் இறந்தார்கள், அதில் ஒரு பெண். சற்று விலகி நின்றதால் பிழைத்த லவாய்சியேயும் பெர்த்தொலேயும் பாடப்புத்தகத்தில் இருக்கிறார்கள். இந்தியாவில் குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிபொருட்களுக்குத் தடை வந்தது 1992-இல். நடுவே 204 வருடம். தெரியாமல் கடந்த வருடங்கள் இல்லை அவை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பலர் காப்பாற்ற ஓடிப்போனவர்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். ஒவ்வொரு தடவையும் 'உராய்வு' என்று ஒரு வார்த்தையில் செய்தி முடிகிறது. உராய்வு வேதியியல் சொல். எவ்வளவு வேகமாகக் கலக்கச் சொன்னார்கள், ஒரு அறையில் எத்தனை பேரை உட்கார வைத்தார்கள் என்பதை அது சொல்லாது.

5

நம்மைப் போன்றவர்கள் செய்யக்கூடியது என்ன? பெரிய திட்டம் ஒன்றும் என்னிடம் இல்லை.

சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் தஞ்சை சரசுவதி மகாலிலும் சித்த மருத்துவச் சுவடிகள் இருக்கின்றன. யாகோபு பெயரிலானவற்றைப் பாடபேதங்களோடு, இஸ்லாமியச் சொற்களைத் திருத்தாமல், யாராவது பதிப்பிக்க வேண்டும். தமிழ் படித்தவன் என்கிற முறையில் அதில் எனக்கும் பொறுப்பு உண்டு. பட்டியலில் அவரை யாகோபு என்றே எழுதுவோம். இராமதேவர் வேண்டுமானால் கொஞ்ச நாள் அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும். ஆலைக்குள் போகிற ஒவ்வொரு மூட்டையிலும் உள்ளே இருப்பதன் பெயரும் ஆபத்தும் தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்பது தொழிற்சங்கத்தின் வேலை மட்டும் என்று நான் இப்போது நினைக்கவில்லை. பரிபாஷைக்கு அகராதி போட்டவர்களின் வேலையும்தான்.

மதினிக்குப் பதில் சொல்ல இத்தனை வருடம் தேடினேன். ஜாபிரின் கைகள் பற்றி எங்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவருக்குப் பிறகு வந்த அர்-ராஸி பற்றி ஒரு செய்தி உண்டு. கருவிகளையும் செய்முறைகளையும் ஒளிக்காமல், ஓரளவுக்கு யாரும் பின்பற்றக்கூடிய மாதிரி எழுதி வைத்தவர், 925-இல் இறந்தார். கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் தெரியாமல் போயிற்று. காரணம் பல விதமாகச் சொல்லப்படுகிறது. அடுப்புப் புகை என்பதும் அதில் ஒன்று. போன மாதம் இதைச் சொன்னபோது மதினி, 'அப்ப வேலை செஞ்ச ஆளுதான்' என்றார்.